பொருநைக்கு நடந்து வந்தவர்கள்

கொசஸ்தலையாற்றங்கரையில் வளர்ந்தவன் நான். பூண்டிக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கைக்கோடரிகளைக் கண்டெடுத்த கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை. பிற்காலத்தில் அதே இடத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் ஆண்டுக்கணக்கில் பொறுமையாகத் தோண்டினார்கள். அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே ஒரு கேள்வியும் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் கல்லைச் செதுக்கியவர்கள் நம் இனத்தார் அல்லர். நமக்கு வெகுகாலம் முந்திய வேறு மனிதர்கள். இன்று உலகில் எஞ்சியிருக்கும் ஒரே மனித இனமான நாம் ஆப்பிரிக்காவில் உருவாகிச் சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தாம் ஆகின்றன. அந்த வயதுடைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்திருக்கின்றன. அப்படியானால் நாம் இங்கே வந்து சேர்ந்தது எப்போது, எந்த வழியாக?

அதே ஃபூட் 1880களில் நெல்லைச் சீமைக்கும் போனவர். திருச்செந்தூர் வட்டாரத்தின் செம்மணல் தேரிகளில் விரல்நகம் அளவே இருக்கும் கற்கருவிகள் கிடப்பதை உலகுக்குச் சொன்னவர் அவர். அத்திரம்பாக்கத்துக் கோடரியை இரு கையாலும் தூக்கிப் பார்த்த எனக்கு, தெற்கே கிடக்கும் அந்தச் சின்னஞ்சிறு கல்லைப் பார்த்தே தீரவேண்டும் என்றாகிவிட்டது. திருநெல்வேலியில் எனக்கு உறவும் இல்லை, அலுவலும் இல்லை. அந்தக் கல்லுக்காகவும் அங்கே ஓடும் ஆற்றுக்காகவுமே போனேன்.

பொருநை என்ற தாமிரபரணி பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. வேறு மாநிலத்து மண்ணைத் தொடாத ஆறு. அதன் பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. மலையிலிருந்து கடல் வரை அதோடு இறங்குவது என்று முடிவு செய்தேன். இறங்க இறங்கக் காலமும் பின்னோக்கிப் போகும் என்பதுதான் இந்த ஆற்றில் என்னை மயக்கிய விஷயம். மேலே இன்று வாழும் காட்டுக்குடிகள், நடுவே மூவாயிரம் ஆண்டுத் தாழிகள், கடலோரத்தில் அவற்றுக்கும் மூத்த மணல், அதற்கும் அப்பால் கடல் மூடிக்கொண்ட நிலம்.

பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் பேருந்தில் பாதிப் பேர் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகிறவர்கள். வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் காற்றின் ஈரம் மாறிவிடுகிறது. ஒரு வளைவில் காணிப் பழங்குடியினர் குடியிருப்பைச் சேர்ந்த இரண்டு பெண்கள் மிளகும் கிழங்குமாக ஏறினார்கள். எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் தன் மகனிடம் குரல் தாழ்த்தி, "இவங்கதான்டா ஆதிமனுஷங்க" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் எனக்கு வலித்தது. அது உண்மையில்லை என்பதால் வலித்தது.

காரையாற்றில் காணிப் பெரியவர் ஒருவரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். தேன் எடுக்கிற பருவம், யானை இறங்குகிற தடம், அணை கட்டியபோது இடம் பெயர்ந்த குடும்பங்கள் என்று பேச்சு சுற்றிச் சுற்றிப் போயிற்று. உங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டபோது, அவர் மலை முகட்டைக் காட்டினார்.

"அந்தப் பக்கமும் எங்க ஆளுகதான். திருவனந்தபுரம் பக்கம் நெறைய இருக்காங்க. மலைதான் எங்களுக்கு வழி. ஊருக்காரங்களுக்குத்தான் அது செவரு."

பொதிகை மலை 1,868 மீட்டர் உயரம். கீழே சமவெளியில் நின்று பார்க்கிற எனக்கு அது எல்லை. அவருக்கு அது நடைபாதை. மனிதர் உலகம் முழுக்கப் பரவிய கதையைப் படிக்கும்போதெல்லாம் மலையும் கடலும் தடைகளாகவே நம் மனத்தில் நிற்கின்றன. நடக்கத் தெரிந்தவர்கள் அவற்றை வேறு விதமாகப் பார்த்திருப்பார்கள் என்று அந்தப் பெரியவரிடம்தான் எனக்கு உறைத்தது.

ஆதிமனிதர் என்ற பேச்சுக்கு வருகிறேன். இன்று உயிரோடிருக்கும் எவரும் மற்றவரைவிடப் பழையவர் அல்லர். ஆப்பிரிக்காவை விட்டு நம் முன்னோர் கிளம்பியதிலிருந்து காணிப் பெரியவருக்கு எத்தனை ஆண்டு ஆயிற்றோ, பேருந்தில் அந்தப் பெண்களைச் சுட்டியவருக்கும் எனக்கும் அத்தனை ஆண்டுதான் ஆயிற்று. எங்கள் எல்லோர் உடம்பிலும் அந்தப் பயணத்தின் குறிப்பு இருக்கிறது. தாய் வழியாக மட்டுமே இறங்கி வரும் மரபணுத் தொடரில் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எம் என்று பெயரிடப்பட்ட ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அந்தக் குடும்பத்தின் வேர், எல்3 என்ற ஆப்பிரிக்கத் தாய்வழியில் போய் முடிகிறது. நம் ஊர்ப் பாட்டி ஒருத்தியின் பாட்டிக்குப் பாட்டி என்று எண்ணிக்கொண்டே போனால் கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒருத்தியிடம் போய்ச் சேருவோம்.

தந்தை வழித் தொடரை மதுரையிலேயே தேடினார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ராமசாமி பிச்சப்பன் தென்தமிழ்நாட்டு மக்களின் இரத்த மாதிரிகளை ஆராய்ந்தார். அமெரிக்க மரபணு அறிஞர் ஸ்பென்சர் வெல்ஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். எம்130 என்ற குறியீடு உசிலம்பட்டி வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் கிடைத்தது. அதே குறியீடு ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவின் தென்கரையைத் தொட்டுக்கொண்டு ஆஸ்திரேலியா வரை போன ஒரு நடையின் தடம் நம் ஊர்க்காரர் உடம்பில் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் இது பெரிய செய்தி. அதை வைத்து ஒரு தனி மனிதரை முதல் இந்தியர் என்று பத்திரிகைகள் எழுதியது எனக்கு உடன்பாடில்லை. தந்தை வழியில் ஒரே ஒரு இழையைத்தான் அந்தக் குறியீடு காட்டுகிறது. ஒருவருடைய பல்லாயிரம் முன்னோரில் மற்ற எல்லோரும் வேறு வேறு வழியில் வந்தவர்கள். முதலில் வந்தவர்களோடு பின்னால் ஈரானியப் பக்கத்துப் பழங்குடி வழியினர் கலந்தார்கள். அதற்கும் பின்னால் வடக்கே புல்வெளிகளிலிருந்து வந்தவர்கள் கலந்தார்கள். அளவுதான் ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது. கலக்காத இரத்தம் இந்த ஆற்றங்கரையில் யாருக்கும் இல்லை.

மலையை விட்டு இறங்கினால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, வழியெங்கும் வயல். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றை மடக்கி மடக்கி நெல்லாக்குகின்றன. திருநெல்வேலியில் இரவு தங்கினேன். காலையில் திருச்செந்தூர்ச் சாலையில் ஆதிச்சநல்லூருக்கு வண்டி ஏறினேன்.

பரம்பு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் சரளை மேடு அது. 114 ஏக்கர் பரப்பு முழுதும் ஈமக்காடு. 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் இங்கே தோண்டிப் பெர்லினுக்குப் பொருள்களைக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியதில் பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பாண்டங்களும் இரும்பு ஆயுதங்களும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. 2004இல் தொல்லியலாளர் சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் தோண்டினார்கள். அப்போது எடுத்த மாதிரிகளுக்குக் கிமு 905, கிமு 696 என்று வயது கிடைத்தது. இப்போது குழிகளின் மேல் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். காலுக்கு அடியில் தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வயதாகிச் சுருங்கிப்போன கிழவர்களை உணவோடும் தண்ணீரோடும் தாழிக்குள் இறக்கிவிடுவார்கள் என்று இந்தப் பக்கம் ஒரு பழங்கதை வழங்குகிறது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த ஒரு பாட்டி தன் பேத்திக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கதையில் இருக்கும் பரிவு எனக்குப் பிடித்தது.

இந்தப் பரம்பில் கிடைத்த மண்டையோடுகளுக்கு ஒரு வருத்தமான வரலாறு உண்டு. அந்தக் காலத்து மானிடவியலாளர்கள் மண்டையோட்டின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, மூக்கெலும்பைக் கணக்கிட்டு, இவர் இந்த இனம் அவர் அந்த இனம் என்று பிரித்தார்கள். ஸக்கர்மன் 1930இல் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகத்துக்காக ஒரு நூலே எழுதினார். அந்த அளவுகோல் இன்று கைவிடப்பட்டது. ஒரே தாயின் பிள்ளைகளுக்கே மண்டை வடிவம் மாறும்; உணவும் தட்பவெப்பமும் அதை மாற்றும். ஆனாலும் ஆதிச்சநல்லூரில் இன்ன நாட்டார் புதைந்திருக்கிறார்கள், இத்தனை இனத்தார் இருந்தார்கள் என்ற பேச்சு ஓயவில்லை. வாசலில் நின்ற இளைஞர் ஒருவர், உலகத்தின் முதல் மனிதன் இங்கேதான் பிறந்தான் என்று என்னிடம் உறுதியாகச் சொன்னார். அவர் கண்ணில் இருந்த ஊர்ப்பற்றை நான் மதிக்கிறேன். அவரிடம் நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: தம்பி, இங்கே பிறந்தான் என்பதைவிட இங்கே வந்து சேர்ந்தான் என்பது பெரிய காரியம். பிறப்பதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு கண்டத்தை விட்டுக் கிளம்பி, பாலைகளையும் கரைகளையும் கடந்து, தலைமுறை தலைமுறையாக நடந்து, இந்த ஆற்றைக் கண்டதும் இங்கேயே இருப்போம் என்று ஒரு கூட்டம் முடிவெடுத்ததே, அதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான் அண்ணாச்சி" என்றார்.

ஆற்றுக்கு அக்கரையில் சிவகளை. அங்கும் பரம்புதான். ஒரு தாழியிலிருந்த நெல்லுக்குக் கிமு 1155 என்று வயது குறித்தார்கள். இரும்போடு கிடைத்த கரிக்குக் கிமு 3345 வரை வயது வந்திருப்பதாகத் தொல்லியலாளர்கள் ராஜனும் சிவானந்தமும் எழுதிய அறிக்கையைத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. உலக இரும்பு வரலாற்றையே புரட்டிப் போடக்கூடிய கணக்கு அது. ஆனால் நான் தேடி வந்தவர்களுக்கு இரும்பு தெரியாது, நெல் தெரியாது, பானையும் தெரியாது. மேலும் கிழக்கே போக வேண்டியிருந்தது.

நாசரேத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் நிலத்தின் நிறம் மாறுகிறது. குதிரைமொழித் தேரி. தமிழ்நாட்டில் இப்படி ஒரு நிலம் இருக்கிறது என்று படத்தில் பார்த்திருந்தும் என் கண் அதை ஏற்க மறுத்தது. கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு மணல், மேடும் பள்ளமுமாக. மேட்டு உச்சியில் பனைகள், அடிவாரத்தில் முந்திரியும் குடைபோல் விரிந்த உடைமரமும். மணலின் ஒவ்வொரு மணியின் மேலும் இரும்புத் துரு மெல்லிய பூச்சாக ஏறியிருப்பதால் இந்த நிறம். தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்கள் வழியாகப் பாய்ந்து வந்து மாதக்கணக்கில் இந்த மணலை வாரி இறைக்கிறது. ஆடியில் கண்ணைத் திறக்க முடியாது என்றார் என்னைக் கூட்டிப் போன பனையேறி. அறுபதை நெருங்கும் மனிதர், ஆனால் மணலில் அவர் நடைக்கு என் ஓட்டம் ஈடாகவில்லை.

"அண்ணாச்சி, பனைய அடையாளம் வச்சுக்கிடுங்க. மேட்ட நம்பாதீய. நேத்து இருந்த மேடு இன்னைக்கு அங்கன இருக்காது."

மேடு நகர்கிறது என்பது உண்மை. ஆனால் நகரும் மணலுக்கு அடியில் நகராத மணல் ஒன்று இருக்கிறது. பழையது, இறுகியது, இன்னும் ஆழ்ந்த சிவப்பு. மேல் மணலைக் காற்று ஒதுக்கிய பள்ளங்களில் அது வெளியே தெரிகிறது. அந்தத் தரையில்தான் கருவிகள் கிடக்கின்றன. பனையேறி ஒரு பள்ளத்தில் குந்தி உட்கார்ந்து, விரலால் தொடாமல் சுட்டிக் காட்டினார்.

"இதானே நீங்க தேடுதது? சின்னப்புள்ளைல இத வச்சுத்தான் மாங்கா சீவுவோம். வெங்கச்சாங்கல்லு. கைய வெட்டிரும்."

வெள்ளைப் படிகக்கல்லில் ஒரு பிறை. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஒரு பக்கம் நேர் கூர்; மறுபக்கம் வளைவு முழுதும் நுண்ணிய தட்டல்களால் மழுக்கப்பட்டிருந்தது. மழுங்கிய பக்கத்தைப் பிசின் வைத்துக் கோலில் பதித்தால் கூர்ப்பக்கம் வெளியே நிற்கும். இப்படிப் பலவற்றை வரிசையாகப் பதித்தால் அம்பு, ஈட்டி, அரிவாள் எதுவும் ஆகும். ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அத்திரம்பாக்கத்துக் கோடரி ஒரு முழுக் கல்லை நம்பியது. இது கல்லையும் மரத்தையும் பிசினையும் நாரையும் சேர்த்து யோசித்த மூளை. நானும் தொடவில்லை. எடுத்துவிட்டால் அது எந்தத் தரையில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி போய்விடும். பிறகு அது வெறும் கல். வெயில் ஏறும் வரை குனிந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் இதே சரிவில் உட்கார்ந்து இதைத் தட்டியிருக்கிறார். செதில்கள்கூடச் சுற்றிலும் கிடந்தன.

ஃபூட்டுக்குப் பிறகு மானிடவியலாளர் ஐயப்பன் இந்தத் தேரிகளை ஆராய்ந்தார். 1949இல் மண்ணியல் அறிஞர் ஸாய்னர் வந்தார். அவரும் பிரிட்ஜெட் ஆல்சினும் சேர்ந்து 1956இல் எழுதிய கட்டுரைதான் இன்று வரை இந்தத் தேரிகளைப் பற்றிய அடிப்படை. சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குட்டம்புளி, குளத்தூர் என்று ஊர் ஊராக அவர்கள் பட்டியலிட்டார்கள். கடல்மட்டத்தையும் மணலின் நிறத்தையும் வைத்து ஸாய்னர் இந்தக் கருவிகளுக்கு ஏறத்தாழ கிமு 4000 என்று வயது மதிப்பிட்டார். கார்பன் கணக்குக்கு எலும்போ கரியோ வேண்டும்; இந்தச் செம்மணலில் அவை தங்குவதில்லை. பின்னாளில் மணலையே கேட்டார்கள். மணி ஒன்று கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று அளக்கும் முறை வந்தது. அதன்படி 2012இல் வெளியான ஆய்வு, இந்தக் கரைத் தேரிகள் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 5,000 சொச்சம் ஆண்டுகளுக்கு முன்வரை குவிந்தவை என்று காட்டியது. ஆக, இந்தப் பிறையைத் தட்டியவர் வாழ்ந்தது அந்தக் காலத்தைச் சுற்றித்தான் இருக்க வேண்டும்.

இந்த மனிதர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? தேரியில் நிற்கும்போது முதலில் எழுகிற கேள்வி இதுதான். பதில் கொஞ்ச தூரத்திலேயே இருந்தது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில். சிவப்பு மணல் நடுவே பச்சைக் கூட்டமாக மரங்கள், நடுவில் ஊற்று. மழை பெய்ததும் மணல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. வெயிலுக்கு எட்டாத ஆழத்தில் வைத்துக்கொண்டு, பள்ளமான இடத்தில் சிறுகச் சிறுக விடுகிறது. பார்க்கப் பாலையாகத் தெரியும் இந்த இடம் உண்மையில் நீர்த்தொட்டி. பக்கத்தில் கடலும் உப்பங்கழியும். மீனுக்கும் சிப்பிக்கும் குறைவில்லை. வேட்டையாடும் கூட்டம் இதைத் தேர்ந்தெடுத்தது அறிவான தேர்வு.

பங்குனி உத்திரத்துக்கு இங்கே கூட்டம் தாங்காது என்றார் பனையேறி. மும்பையிலிருந்து, சென்னையிலிருந்து, கடல் தாண்டியும் வருவார்களாம். குலதெய்வம். எந்த ஊருக்குப் பிழைக்கப் போனாலும் ஆண்டுக்கு ஒரு நாள் இந்த ஊற்றுக்கு வந்து நிற்க வேண்டும். நெல்லைச் சீமை கடந்த இருநூறு ஆண்டுகளில் எத்தனை பேரை இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் அனுப்பியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். போனவர்கள் தெய்வத்தின் பெயரை மறக்கவில்லை. ஆனால் நூறு தலைமுறைக்கு முன் எங்கிருந்து இங்கே வந்தோம் என்பது யாருக்கும் நினைவில்லை. நினைவு எட்டாத அந்த இடத்துக்குத்தான் இந்தக் கற்கள் வேண்டியிருக்கின்றன.

ஸாய்னரும் ஆல்சினும் கவனித்த இன்னொரு செய்தி என்னை உறங்கவிடவில்லை. தேரிக் கருவிகளில் இருபுறமும் செதுக்கிய அம்பு முனைகள் சில, இலங்கையின் கற்காலக் கருவிகளைப் போலவே இருக்கின்றன. இலங்கையில் குகைகள் இருப்பதால் அங்கே எலும்பும் கரியும் தங்கியிருக்கின்றன. வயது தெளிவாகத் தெரிகிறது. களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே நம் இனத்தவர் இதே மாதிரி நுண்கற்கருவிகளோடு வாழ்ந்தார்கள். மழைக்காட்டுக்குள் குரங்கும் அணிலும் வேட்டையாடினார்கள். எலும்பில் அம்பு முனை செய்தார்கள். கடலோரச் சிப்பியில் மணி கோத்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்ததற்கான மிகப் பழைய தடயங்களுள் ஒன்று நமக்கு எதிர்க்கரையில் கிடைத்திருக்கிறது. அவர்கள் இலங்கைக்கு எந்த வழியாகப் போயிருப்பார்கள்? நம் கரையை மிதிக்காமல் போயிருக்க முடியாது.

எப்போது மிதித்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே வழக்கு தீரவில்லை. சுமத்ராவில் டோபா எரிமலை 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது அதன் சாம்பல் இந்தியா முழுதும் விழுந்தது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் அடுக்குக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்தன. நம் இனத்தார் வெடிப்புக்கு முன்பே வந்துவிட்டார்கள் என்று ஒரு சாராரும், கீழே இருப்பவை வேறு மனிதர் செய்தவை, நாம் வந்தது கடந்த 60,000 ஆண்டுகளுக்குள்தான் என்று இன்னொரு சாராரும் வாதாடுகிறார்கள். அத்திரம்பாக்கத்திலேயே 3,85,000 ஆண்டுகளுக்கு முன் கருவி செய்யும் முறை மாறியதை 2018இல் கண்டார்கள். ஆகக் கருவியை வைத்து மட்டும் ஆளைச் சொல்ல முடியாது. எனக்கு இரண்டாவது கட்சிமேல்தான் சாய்வு. மரபணுக் கணக்குகள் அதற்கே துணை நிற்கின்றன.

புன்னைக்காயலில் ஆறு கடலோடு சேரும் இடத்துக்கு வந்தபோது நல்ல பகல். பொதிகையில் பாறைமேல் துள்ளிய தண்ணீர் இங்கே அகன்று, சோர்ந்து, எது ஆறு எது கழி என்று தெரியாமல் கிடந்தது. வலை சீர்படுத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெளியூர்க்காரன் என்றதும் எல்லோரும் கேட்பது போல அவரும், குமரிக்கண்டம் இங்கேதானே முங்கிக் கிடக்கு என்று ஆரம்பித்தார்.

எனக்கும் அந்தக் கதை தெரியும். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த வகை விலங்குகள் இருப்பதைப் பார்த்த விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல், இடையில் ஒரு கண்டம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். உயிரியலாளர் ஹெக்கெல் மனித இனமே அங்கே தோன்றியிருக்கலாம் என்றார். நம் அறிஞர்கள் அதைப் பழைய இலக்கியங்களில் வரும் கடல்கோளோடு சேர்த்துக் குமரிக்கண்டம் என்றார்கள். பின்னால் கண்டங்கள் நகர்வது தெரிய வந்தது, இந்துமாக்கடலின் தரை அளக்கப்பட்டது. அப்படி ஒரு கண்டம் அங்கே இல்லை. இதைச் சொல்லும்போது கேட்பவர் முகம் வாடும் என்று எனக்குத் தெரியும். அதனால் உண்மையில் முங்கிய நிலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

20,000 ஆண்டுகளுக்கு முன் ஏராளமான தண்ணீர் வடக்கே பனியாக உறைந்து கிடந்தது. கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை வெறும் சமவெளி. இங்கிருந்து இலங்கைக்குக் கால் நனையாமல் போகலாம். பனி உருக உருகக் கடல் ஏறியது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கை தனித் தீவாயிற்று.

"நூத்திருபது மீட்டருன்னா எத்தன பாகம்?" என்று கேட்டார். அவர் ஆழத்தைப் பாகத்தில்தான் அளப்பார். ஏறக்குறைய அறுபத்தைந்து பாகம் என்றேன். வலையைக் கீழே வைத்துவிட்டார்.

"முத்துப்பாரெல்லாம் பத்துப் பாகம், பதினஞ்சு பாகந்தான இருக்கு. அப்ப அம்புட்டும் தரையா?"

அம்புட்டும் தரைதான். பழைய துறைமுகமான கொற்கையின் காலத்திலிருந்து முத்துக்குளித்த பார்கள் எல்லாம் ஒரு காலத்தில் மான் மேய்ந்த மேடுகளாக இருந்திருக்கும். தேரியில் பிறைக்கல் தட்டியவர்களின் முன்னோர் பலர் வாழ்ந்த கரை இப்போது அந்தப் பார்களுக்கும் அப்பால் தண்ணீருக்குள் இருக்கிறது. முதன்முதலில் நடந்து வந்தவர்கள் கடலோரமாகத்தான் வந்தார்கள் என்றால், அவர்கள் கால் பட்ட கரை முழுதும் அங்கேதான். நாம் நிலத்தில் தேடிக்கொண்டிருப்பது அவர்கள் உள்ளே ஒதுங்கிய பிறகு விட்டுச் சென்றவற்றை மட்டுமே.

அவர் எழுந்து நின்று கடலைக் கைகாட்டிப் பேசத் தொடங்கினார். எந்த மாதா கோவில் கோபுரத்தை எந்த மரத்தோடு சேர்த்துக் கணியம் பார்த்தால் எந்தப் பார் வரும், எங்கே மணல், எங்கே சேறு, எங்கே தரை சட்டென்று இறங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடலடி நிலத்தின் முழு வரைபடமும் அவர் தலைக்குள் இருந்தது. தன் தகப்பனிடம் கற்றதாம். இந்த அறிவை யாரேனும் உட்கார்ந்து எழுதி வாங்க வேண்டும் என்று எனக்குப் பரபரத்தது.

வடகடலில் நடந்த ஒன்றை அவருக்குச் சொன்னேன். இங்கிலாந்துக்குக் கிழக்கே அதே மாதிரி முங்கிய நிலம் ஒன்று உண்டு. 1931இல் கொலிண்டா என்ற மீன்பிடிக் கப்பலின் வலையில் கரிமண் கட்டி ஒன்று ஏறி வந்தது. உடைத்தால் உள்ளே மான் கொம்பில் செய்த, முள் வைத்த ஈட்டி முனை. அந்த மீனவர்கள் அதைத் தூக்கிக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு துண்டிலிருந்துதான் அங்கே மனிதர் வாழ்ந்த நிலம் கிடக்கிறது என்று அறிஞர்கள் தேட ஆரம்பித்தார்கள்.

"நம்ம சங்குகுளிக்காரன்ட்ட சொல்லி வச்சா என்ன? எப்படி இருக்கும்னு ஒரு படம் போட்டுக் குடுங்க" என்றார்.

என் குறிப்பேட்டில் தேரிப் பிறையை அதன் அளவிலேயே வரைந்து, தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார்.

"இத்தினியூண்டா? பத்துப் பாகத்துல இது கண்ணுக்குத் தட்டுப்படாது அண்ணாச்சி. சேத்த அள்ளிக் கொண்டாந்து கரைல வச்சுச் சலிக்கணும்." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வள்ளம் நான் தாரேன். சலிக்கத் தெரிஞ்ச ஆள நீங்க கூட்டிட்டு வாங்க."